வெளியூரில் மூன்று நாள்: குதிரையோடு ஒரு போட்டிப் பயணம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. பெங்களூரில் குதிரைப் போட்டி நடக்கப்போகும் மைதானத்தின் வாசலில் ஒரு லாரி வந்து நிற்கிறது. பின்பலகை இறங்கியதும் உள்ளே நின்ற பழுப்புக் குதிரை தலையை உயர்த்தி, மூக்கை விரித்து, புது ஊரின் காற்றை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறது. பிறகு வாலைத் தூக்கி லத்தி போடுகிறது. ராத்திரி முழுக்கக் கண் மூடாத சைஸின், அதாவது குதிரையைப் பராமரிப்பவரின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வருகிறது. "வயிறு வேலை செய்யுது பாப்பா. இனி பயமில்ல."

அந்தச் சைஸும் பாப்பாவும் குதிரையும் இந்த அத்தியாயம் முழுக்கக் கூட வரும் கற்பனைப் பாத்திரங்கள். அவர்கள் படும் பாடு மட்டும் கற்பனை அல்ல. தாம்பரம் பக்கத்தில் ஒரு லாயம், 15 வயதுப் பெண் ஒருத்தி, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த 12 வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் ரைடிங் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் பலவும் அப்படிப் பந்தயத்திலிருந்து வந்தவைதான். சனிக்கிழமை டிரஸ்ஸாஜ், அதாவது குதிரையை நடையிலும் வட்டத்திலும் சொன்னபடி நடத்திக் காட்டுவது; ஞாயிற்றுக்கிழமை ஷோ ஜம்பிங், தடை தாண்டுவது. டிரஸ்ஸாஜுக்கு ஐந்து நிமிஷம், தாண்டுவதற்கு ஒன்றரை நிமிஷம். போக வர 700 கிலோமீட்டர் பயணம், இந்த ஆறரை நிமிஷத்துக்காக.

குதிரைக்குப் போட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. தண்ணீர் வேறு மாதிரி மணக்கிறது, பக்கத்துக் கொட்டடியில் முன்பின் பார்த்திராத பெட்டைக் குதிரை நிற்கிறது, ஒலிபெருக்கி ஓயாமல் கத்துகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். காதருகே மேளம் முழங்க, சில குதிரைகள் கால் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருக்கும். மற்றக் குதிரைகளைவிட அவற்றுக்குத் தைரியம் அதிகம் என்பதில்லை, மேளம் பழகிவிட்டது. போட்டிக்குக் குதிரையை அழைத்துப் போகிறவரின் வேலையும் இதுதான்: வெளியூரில் பழக்கமானதைக் கூட்டி, புதியதைக் குறைப்பது.

அந்தப் பழக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகமே டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. நவீன பென்டத்லானில் அப்போது வீரர்கள் சொந்தக் குதிரையில் ஏறவில்லை. குலுக்கலில் கிடைத்த குதிரையோடு பழக 20 நிமிஷம் கொடுத்தார்கள். ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தபோது அவருக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை தாண்டவே மறுத்தது. அவர் அழுதார், குதிரை மிரண்டது, பயிற்சியாளர் குதிரையைக் குத்திய காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. பதக்கம் போனதோடு அது முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு பென்டத்லானிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது.

நம் தாம்பரத்துப் பெண்ணிடம் அந்த 20 நிமிஷத்துக்குப் பதிலாக மூன்று வருஷப் பழக்கம் இருக்கிறது. அதை லாரியிலும் காகிதத்திலும் தொலைக்காமல் இருந்தால் போதும்.

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். அடையாள ஆவணமும் தடுப்பூசிப் பதிவும் கையில் இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் குதிரைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி 6 மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும், ஆனால் வந்து சேருவதற்கு முந்தைய 7 நாளில் போட்டிருக்கக் கூடாது. உள்ளூர்ப் போட்டிக்கு என்ன கணக்கு என்பதை அதன் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேட்கிறார்களா என்பதையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய இந்த நோய் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதற்கான ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் முக்கிய இடம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். மாதிரி போய் முடிவு வர நாளாகும். கடைசி வாரத்தில் ரத்தம் எடுத்துவிட்டு வாசலில் நின்று கெஞ்சுவதில் பயனில்லை.

இனி லாரி. மேலே சொன்ன அதே விதிகள் இதைப் பற்றி ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசுகின்றன. தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். இரண்டு குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் கட்ட வேண்டும். கடந்து செல்லும் வண்டிகளைப் பார்த்து மிரளாதபடி குதிரையின் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு வண்டியில் 4 முதல் 6 குதிரைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கூட ஓர் ஆள் போக வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நெடுஞ்சாலையில் 35-ல் போகச் சொன்னால் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குதிரை நிற்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்கவைத்து ஓட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார். குதிரைக்கு ஒவ்வொரு பிரேக்கும் ஒவ்வொரு வளைவும் நான்கு கால்களால் சமாளிக்க வேண்டிய வேலை. பத்து மணி நேரப் பயணம் என்றால் பத்து மணி நேரமும் அதன் உடம்புக்கு வேலைதான்.

சென்னையிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பத்து மணி நேரம். ஆகவே வியாழன் இரவு ஒன்பது மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். வெயில் இல்லை, நெரிசலும் குறைவு. வேலூர் தாண்டும்போது ஒரு நிறுத்தம், கிருஷ்ணகிரியில் இன்னொன்று. நிறுத்துவது டீ குடிக்க மட்டும் அல்ல. தலைக்கயிற்றைத் தளர்த்தி, குதிரை மூக்கைத் தரைக்குக் கொண்டுபோக விட வேண்டும். மேய்கிற பிராணிக்கு மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் தலை குனிந்தால்தான் வழிந்து வெளியேறும். மணிக்கணக்கில் தலையைத் தூக்கிக் கட்டிவைத்தால் கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். பயணக் காய்ச்சல் என்று லாயக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காய்ந்த புல்லைத் தட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் பாதித் தூசி அங்கேயே அடங்கிவிடும்.

வந்து இறங்கியதும் குதிரையைக் கொட்டடிக்குள் விடுவதற்கு முன் சைஸ் உள்ளே போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். ஆணி, கம்பி, உடைந்த பலகை ஏதாவது இருக்கிறதா? முந்தைய குதிரை விட்டுப்போன புல்லை அள்ளி வெளியே போடுகிறார். வீட்டிலிருந்து கொண்டுவந்த வாளிகளைத்தான் மாட்டுகிறார். பொதுக் குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் விடுவதில்லை. இது வெறும் சுத்தக்காரத்தனம் அல்ல. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு போட்டி மைதானத்தில் பரவிய ஹெர்ப்பிஸ் வைரஸ் ஐரோப்பா முழுக்கப் போட்டிகளை நிறுத்தவைத்தது. குதிரைகள் இறந்தன. அதன் பிறகு சர்வதேசப் போட்டிகளில் தினமும் குதிரையின் உடல் வெப்பத்தைப் பார்த்துப் பதிவு செய்வது வழக்கமாகிவிட்டது. ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை. இந்த மூன்று எண்களையும் வீட்டிலேயே ஒரு வாரம் எழுதி வைத்திருந்தால், தன் குதிரைக்கு எது இயல்பு என்று ரைடருக்குத் தெரிந்திருக்கும். புத்தகத்தில் உள்ள எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வயிறுதான் இந்த மூன்று நாளின் பெரிய கதை. குதிரையின் உடம்போடு ஒப்பிட்டால் இரைப்பை சிறியது. அதில் அமிலம் சாப்பிடும்போது மட்டுமல்ல, நாள் முழுக்கச் சுரக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த தீவனம் என்பது நல்ல கணக்கு. பந்தயம், போட்டி என்றதும் சிலர் காலையிலிருந்து பட்டினி போட்டுவிட்டு, ஊக்கத்துக்கு என்று கொள்ளின் அளவை இரட்டிப்பாக்குவார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழிக்குப் போட்டி வாரத்தில் வேலையே இல்லை. எள்ளும் வேண்டாம், புதிய கொள்ளும் வேண்டாம். வீட்டில் என்ன தின்றதோ அதே தீவனம், அதே அளவு, அதே நேரம். களத்துக்குப் போகும் முன் ஒரு கைப்பிடி புல் கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் ஓடினால் அமிலம் மேலே தெறித்து இரைப்பையின் மேல்பகுதியைப் புண்ணாக்கும்.

தண்ணீர்தான் அடுத்த சிக்கல். குதிரை ஒரு நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். ஊர் மாறினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். குடிக்காத குதிரைக்குக் குடலில் தீவனம் கட்டிக்கொள்ளும், வயிற்றுவலி வரும். இதற்கு விலையுயர்ந்த மருந்து ஒன்றும் தேவையில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், வெளியூர்த் தண்ணீரும் அதே வெல்ல வாசனையில் உள்ளே போகும். முன்காலால் தரையைத் தோண்டுவது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி நின்றுபோவது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். அப்போது போட்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இந்த இடத்தில் சமையலறை பற்றி ஒரு எச்சரிக்கை. போட்டிக் குதிரையின் ரத்தமும் சிறுநீரும் ஊக்கமருந்துக்காகச் சோதிக்கப்படலாம். டீ, காபியில் இருக்கும் கஃபீன் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் உண்டு. கசகசா போட்ட மிட்டாயோ குருமாவோ தீவனத்தில் கலந்தால் மார்பின் காட்டும். மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் இன்னும் பொல்லாதது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது பல குதிரைகளின் மாதிரியில் அது தென்பட்டது. நார்வே ஷோ ஜம்பிங் அணி வாங்கிய வெண்கலமே பறிபோனது. சில வலி நிவாரணத் தைலங்களில் அதே பொருள் இருக்கிறது. முதுகுவலிக்குத் தைலம் தேய்த்த கையோடு கடிவாளத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. நல்ல மனசோடு பிஸ்கட் நீட்டும் பார்வையாளரையும் தடுக்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை. டிரஸ்ஸாஜ் களம் 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். தொடக்க நிலையில் 40 மீட்டர். சுற்றிலும் எழுத்துப் பலகைகள். சின்னக் களத்தில் ஏ-யில் நுழைந்து சுற்றினால் கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று வரும். இந்த வரிசைக்கு எந்த நியாயமும் கிடையாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். மணி அடித்ததும் 45 வினாடிக்குள் ஏ-யில் உள்ளே வர வேண்டும். நடுவில் இருக்கும் எக்ஸில் நின்று வணக்கம். பிறகு நடை, துள்ளுநடை, பாய்ச்சல், வட்டம் என ஒவ்வொன்றுக்கும் நீதிபதி 0 முதல் 10 வரை மதிப்பெண் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். 6 என்றால் திருப்தி. மதிப்பெண் தாளைப் பார்த்து நம் பெற்றோர்கள் பாதிப் பேருக்கு மூச்சே நின்றுவிடும். நூற்றுக்கு 98 வாங்கிய பிள்ளைக்கு 61 சதவீதமா? 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அனுஷ் அகர்வாலா, எட்ரோ என்ற குதிரையில் தனிநபர் வெண்கலம் வாங்கியது 73.03 சதவீதத்தில். அதற்கு முன்பு அதே போட்டிகளில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா ஆகியோரோடு அவர் அணித் தங்கமும் வென்றிருந்தார். 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

உள்ளே போகும் முன் கடைசி வேலை பிடரிக்குச் சின்னச் சின்ன ஜடை போட்டு நூலால் கட்டுவது. பார்வைக்கு அழகு, மதிப்பெண் கிடையாது. ஆனாலும் இதை விடக் கூடாது என்பார்கள் அனுபவசாலிகள். காலை ஆறு மணிக்கு, ஸ்டூலில் ஏறி நின்று அரை மணி நேரம் ஜடை பின்னும்போது குதிரையும் அடங்கும், பெண்ணின் கை நடுக்கமும் அடங்கும். ஜடையின் பலன் அங்கேதான்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வேர்வை. குதிரையின் வேர்வையில் ஒரு புரதம் இருப்பதால் தொடைக்கு நடுவே வெள்ளை நுரை பொங்கும். நம் ஊரில் ஒரு பழைய பயம் உண்டு: சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும், சதை பிடித்துக்கொள்ளும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் புழுக்கத்தைச் சமாளிக்க விஞ்ஞானிகள் சில ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது பாதுகாப்பானது மட்டுமல்ல, சூட்டை வேகமாக இறக்க அதுவே சிறந்த வழி என்று தெரிந்தது. ஆகவே நிழலில் நிறுத்தி, வாளி வாளியாக ஊற்றலாம். மூச்சு அடங்கும்வரை ஊற்றுவதும் நடத்துவதுமாக இருக்க வேண்டும். குடிக்கவும் தடை இல்லை. வேர்வையோடு உப்பு நிறையப் போய்விடுவதால் மாலைத் தீவனத்தில் சாதாரண உப்பு சேர்க்க வேண்டும்.

ஞாயிறு காலை தாண்டல். அதற்கு முன்னால் ரைடர்கள் எல்லோரும் பூட்ஸ் காலோடு களத்துக்குள் போய்க் கோணங்கிபோல நீட்டி நீட்டி நடப்பதைப் பார்க்கலாம். அதுதான் தடம் அளப்பது. மனிதரின் ஒரு பெரிய தப்படி 90 சென்டிமீட்டர். நான்கு தப்படி சேர்ந்தால் குதிரையின் ஒரு பாய்ச்சல், அதாவது 3.6 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே 12 தப்படி வந்தால், இறங்க இரண்டு, மறுபடி எழும்ப இரண்டு என்று நான்கைக் கழித்துவிட்டு, மீதி எட்டுக்கு இரண்டு பாய்ச்சல் என்று கணக்கு. இந்தத் தப்படி வீட்டிலேயே பழக வேண்டியது. தரையில் இரண்டடி டைல்ஸ் இருந்தால் ஒன்றரை டைல்ஸ் ஒரு தப்படி. நம் பெண் ஒரு மாதமாக ஹாலில் இப்படி நடந்து, பாட்டியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

தடையின் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. இதை மாற்றித் தாண்டினால் வெளியேற்றம். ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டனைப் புள்ளி. குதிரை முதல் முறை மறுத்தாலும் 4. ரைடர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்த நிலைதான். விழுந்த ஹெல்மெட் வெளியே நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், உள்ளிருக்கும் நுரைமெத்தை ஒரு அடியைத்தான் தாங்கும். டிரஸ்ஸாஜில் உயரத் தொப்பி அழகு என்று பிடிவாதம் பிடித்த சர்வதேச ரைடர்களுக்கும் 2021-லிருந்து ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது.

நம் பெண்ணின் குதிரை ஐந்தாவது தடைக்கு முன்னால் ஒருமுறை நின்றது. சாட்டையைத் தூக்காமல் சுற்றி வந்து மறுபடி விட்டாள், தாண்டியது. நான்கு புள்ளி, ரிப்பன் இல்லை. அப்பாவுக்கு வருத்தம். "நடுவுல இருந்த நிழலைப் பார்த்துச்சு அண்ணா, அதான்" என்று அவள் சைஸிடம் சொன்னாள். அவரும் அதையேதான் பார்த்திருந்தார். வீட்டில் அடுத்த வாரம் தார்ப்பாய் விரித்துப் பழக்க வேண்டும் என்று முடிவானது. ரிப்பனைவிட இந்த ஒரு வரிக் குறிப்பு உபயோகமானது.

ஞாயிறு மாலையே லாரியைக் கிளப்பலாமா என்று ஒரு கேள்வி வரும். தங்க இடம் இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புவதே மேல். வீடு வந்த மறுநாள் சேணம் வேண்டாம். கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும், மேய விடலாம். லாரியில் ஏற்பட்ட நுரையீரல் தொந்தரவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் வியாழக்கிழமை வரை காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வையுங்கள். 38.5-க்கு மேல் காட்டினால், இருமல் இல்லாவிட்டாலும், மருத்துவருக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.